விநாசித்தம்பிக்கு ஒன்றும் மணக்கவில்லை

பழகிப்போனவர் என்று ஒரு வர்க்கம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பஸ்ஸில் உங்கள் காலை மிதித்துக்கொண்டே நின்று, நீங்கள் முனகினால் “கொஞ்ச நேரத்துல பழகிடும் லா” என்று தைரியம் சொல்வாரே, அவர்தான். ஒழுகுகிற வீட்டை வாடகைக்கு விட்டு, சாவியோடு ஒரு வாளியையும் கையில் கொடுத்து, “ரெண்டு மழை போகட்டும், சத்தமே காதுல விழாது” என்பாரே, அவரும்தான். ஆஸ்பத்திரி வரிசையில், கோயில் கூட்டத்தில், கல்யாண மண்டபத்துக் கழிவறை வாசலில், எங்கே ஒரு மனிதன் முகம் சுளிக்கிறானோ அங்கே இவர் பக்கத்தில் வந்து நிற்பார். கவனித்தீர்களா? மிதிபடுகிற கால் உங்களுடையது. பழகவேண்டிய வேலையும் உங்களுடையது. ஆறுதல் மட்டும் அவருடையது.

இவர்களில் சாதா ரகம் ஒன்று, உசத்தி ரகம் ஒன்று. சாதா ரகத்துக்காரர் தான் பழகாமலேயே மற்றவர்களைப் பழகச் சொல்வார். அவரை ஒரு நாள் அந்த வாளிக்குப் பக்கத்தில் படுக்க வைத்தால் போதும், கூரைக்காரரைத் தேடி ஓடிவிடுவார். உசத்தி ரகம் அப்படி இல்லை. அவர் தானே முழுசாகப் பழகிப்போனவர். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் பினாங்குத் தீவிலேயே கிடையாது. காரணம், அவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரிவதில்லை.

அப்பேர்ப்பட்ட உசத்தி ரகம் ஒருவர் எனக்கு எதிரிலேயே வாய்த்தார். ஜெலுத்தோங்கில் என்னுடைய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பைபர் கம்பெனி. பினாங்குப் பாலம் திறந்த புதிது. எல்லாரும் காரை, எங்கள் ஊர்ப் பேச்சில் கெரேத்தாவை, எடுத்துக்கொண்டு பாலத்தைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த காலம். அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர்தான் விநாசித்தம்பி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். மகனும் வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் குடை என்று, மெழுகில் வார்த்த மாதிரி வருவார். மனுசனை ஒரு குறை சொல்ல முடியாது. குடி இல்லை, சூது இல்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் உலகத்தில் பாதித் தொல்லை.

பைபர் வேலை என்றால் என்னவென்று கேட்பீர்கள். பெரிய அச்சு ஒன்று இருக்கும். அதன்மேல் கண்ணாடி நாரால் செய்த பாயை விரிப்பார்கள். தேன் மாதிரி இருக்கிற ரெசினைத் துப்பாக்கி மாதிரி ஒரு குழாயால் தெளிப்பார்கள். ரோலரால் உருட்டி உருட்டி, உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழை எல்லாம் துரத்துவார்கள். காய்ந்ததும் அச்சைக் கழற்றினால் தண்ணீர்த் தொட்டி. வேறு அச்சில் போட்டால் மீன்பிடிப் படகு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ரெசின் காயக் காய ஓர் ஆவி விடும் பாருங்கள். நகப்பூச்சுப் புட்டியைத் திறந்து மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து சாயந்திரம் வரை நில்லுங்கள், கொஞ்சம் விளங்கும். அந்த வாடை தெருவைத் தாண்டும், மூலையில் இருக்கிற கோப்பிக்கடைக்குள் போகும், பிறகு என் அச்சகத்துக்குள்ளும் வந்து உட்காரும். நான் அடித்துக் கொடுத்த பத்திரிகையை முகர்ந்துவிட்டு “மாப்பிள்ளை பெயிண்ட் அடிக்கிறவரா?” என்று கேட்டவர்கள் உண்டு.

இந்த ஆவியை அளக்கக் கம்பெனியில் ஒரு கருவிதான் இருந்தது. அது விநாசித்தம்பியின் மூக்கு.

தினமும் காலையில் ஒரு சடங்கு நடக்கும். பட்டறைக்கு நடுவில் வந்து நிற்பார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கண்ணை மூடுவார். இடது பக்கம் ஓர் இழுப்பு, வலது பக்கம் ஓர் இழுப்பு, நடுவில் ஒரு நீண்ட இழுப்பு. அப்புறம் கண்ணைத் திறந்து, தீர்ப்பு வாசிக்கிற ஜட்ஜ் மாதிரி, “எனக்கு ஒண்டும் மணக்கேல்லை” என்பார். அவ்வளவுதான், அன்றைக்குக் காற்று சுத்தம். வேலையாட்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ரோலரை எடுப்பார்கள்.

கம்பெனி முதலாளியான சீனத் தவுக்கே எப்படி இதை நம்பினார் என்கிறீர்களா? நம்பாமல் என்ன செய்வார்? அந்த மூக்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. முள்ளும் ஊரைத் தூக்கும் வாசனையுமான டுரியான் பழத்துக்குச் சீசன் வந்தால் ஒரு காலத்தில் தவுக்கே விநாசித்தம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டங்கள் இருக்கிற பாலிக் பூலாவுக்குத்தான் ஓடுவார். மலைபோல் குவிந்து கிடக்கிற பழத்தில் ஒன்றை எடுத்து, அடியில் மூக்கை வைத்து, காதுக்குப் பக்கத்தில் ஒரு குலுக்குக் குலுக்கி, “இது நேற்று விழுந்தது, இது இண்டைக்கு விடிய விழுந்தது, இது நாளைக்குத் திண்ணலாம்” என்று பிரித்துப் போடுவார். ஒன்று தப்பாது. டுரியான் விற்பவர்களே அவரைக் கண்டால் சொத்தைப் பழத்தை ஒளித்து வைப்பார்களாம். பிறகு சீனி வியாதி வந்தது, டாக்டர் டுரியானைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார், விநாசித்தம்பியும் வீட்டு வாசல்படி தாண்டி டுரியானை விடுவதில்லை. மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது. பேர் மட்டும் இன்னும் உத்தியோகத்தில் இருந்தது.

அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நிறையச் செய்தார். விஷத்தை முறிக்கும் என்று சனிக்கிழமைதோறும் எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். தலைவலிக்குத் தைலப் புட்டி வைத்தார். துணி முகமூடிகள் வாங்கி, அழுக்காகிவிடக் கூடாதே என்று ஆணியில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, விருந்தாளி வந்தால் மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். வாடைக்குச் சாம்பிராணி போடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை தணலோடு கிளம்பியவரை, பொறி பட்டால் பற்றிக்கொள்கிற அசெடோன் டின் திறந்து கிடந்ததைக் காட்டி வாசலோடு தடுத்து நிறுத்தினார்கள். நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் இதை எழுதக் கையும் இருந்திருக்காது, அடிக்க அச்சகமும் இருந்திருக்காது.

ரெசின் விற்கிற கம்பெனியிலிருந்து இப்ராஹிம் என்று ஓர் இளைஞர் வருவார். நல்ல பிள்ளை. அவர் ஒரு நாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்.

“ஐயா, இந்த ஆவி காத்தைவிடக் கனம். கீழதான் கிடக்கும். விசிறிய அச்சுக்குப் பக்கத்துல கீழ வச்சு வெளிய இழுங்க. ரெசின் டின்னுக்கெல்லாம் மூடி போடுங்க. துப்பாக்கியால தெளிக்காம ரோலர் வழியாவே ரெசின் வர்ற சாமான் வந்திருக்கு. ஆவி கம்மியா விடுற ரெசினும் எங்ககிட்ட இருக்கு. காத்துல பறக்கறது உங்க தவுக்கே காசுதான் ஐயா.”

விநாசித்தம்பி முழுசையும் பொறுமையாகக் கேட்டார். “நல்ல யோசனை தம்பி” என்றார். “ஆனா உவ்வளவுக்கு என்ன அவசரம்? ஆக்கள் பழகிப்போவினம்.”

ஆனாலும் நல்ல யோசனையை முழுசாகத் தள்ளுவது மரியாதை இல்லை அல்லவா? ஒரு விசிறி வாங்கினார். வாங்கி, கூரையில் மாட்டினார். ஆவி தரையில். விசிறி கூரையில். நடுவில் இருப்பது என்ன? வேலை செய்கிறவர்களின் முகம். கிளம்பிய ஆவி அத்தனையும் ஒவ்வொரு மூக்கையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். முன்பாவது அது சோம்பேறித்தனமாகக் கீழே கிடந்தது.

இனிமேல்தான் ருக்குமணி வருகிறாள். பெரிய தொட்டி அச்சு அவளுடையது. வெளிப்பக்கம் முடிந்ததும் அச்சின் வாய்க்குள் இடுப்புவரை குனிந்து உள்பக்கம் உருட்டவேண்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி நாள் பூராவும் தலைகீழாக நிற்பாள். சாயந்திரம் சங்கு ஊதி வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், நாக்கு குழறும், கால் ஓரிடத்தில் நிற்காது. பஸ்ஸிலிருந்து இறங்கி, அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறுவாள். புருசன் இல்லாதவள். ஒரே மகள் சந்திரிகா.

கண் சிவப்பு, நாக்குக் குழறல், தள்ளாட்டம். நம்ம சனங்கள் இதற்கு என்ன பேர் வைப்பார்கள் என்று நான் சொல்லியா தெரியவேண்டும்? சம்சு, அதாவது மலிவுச் சாராயம். “பாவம், எப்ப ஆரம்பிச்சிச்சோ” என்று இரண்டாம் மாடி பரிதாபப்பட்டது. “பொம்பளைக்கு இது தேவையா?” என்று நாலாம் மாடி கேட்டது. விஷயம் மாடி மாடியாக ஏறி, பக்கத்து அடுக்குமாடிக்குத் தாவி, பிச்சைமுத்து காதில் விழுந்தது.

பிச்சைமுத்துவின் மகனுக்குத்தான் சந்திரிகாவைப் பேசி முடித்திருந்தார்கள். பிச்சைமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்தத் தம்பியைச் சம்சுக்குக் காவு கொடுத்தவர். அதனால் சம்சு என்ற சொல் காதில் பட்டாலே எழுந்து போய்விடுவார். பத்திரிகை அடிக்க என்னிடம்தான் கொடுத்திருந்தார். ஒரு நாள் வந்து, உட்காராமலே, “அச்சாபீஸ் அண்ணே, அதை அடிக்க வேண்டாம்” என்றார்.

“ஏன்? எழுத்துப் பிழையா?”

“பொண்ணு தங்கமான பொண்ணு. தாயி தள்ளாடுது. என் கண்ணாலயே பார்த்தேன். குடிக்கிற வீட்டுல நான் சம்பந்தம் பண்ண மாட்டேன்.”

“அது கம்பெனி மருந்து வாடை அண்ணே. எனக்கே இங்க உட்கார்ந்தா தலை வலிக்குது.”

“அந்தப் பேச்சை அதுவும்தான் சொல்லுது. குடிக்கிறவன் எவன் குடிச்சேன்னு சொல்லியிருக்கான்?” கொஞ்சம் யோசித்தார். “விநாசித்தம்பி ஐயா பொய் பேசாதவரு. அவர் சொல்லட்டும், நான் நம்பறேன்.”

எனக்கு உயிர் வந்தது. ஒரு வார்த்தைதானே! ருக்குமணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கையைக் கழுவி, முந்தானையைச் சரி செய்து, விநாசித்தம்பியின் அறைக்குள் போனாள். நான் பத்திரிகைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்த சாக்கில் வாசலில் நின்றேன்.

“ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். மருந்து வாடையாலதான் எனக்குத் தலை சுத்துதுன்னு. எம் மவ வாழ்க்கை அந்த வார்த்தையிலதான் இருக்கு.”

விநாசித்தம்பியின் முகம் வாடிப்போனது. நடிப்பில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“பிள்ளை, வாடை இருந்தாத்தானே வாடையால எண்டு சொல்ல ஏலும்? நான் ஒவ்வொரு நாளும் மணந்து பாக்கிறன். எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. மணக்காததை மணக்குது எண்டு சொல்லச் சொல்லுறீரே, அது பொய்யெல்லோ?”

“எனக்கு மணக்குதே ஐயா.”

“அது இன்னும் பழகேல்லை. கொஞ்சம் பொறும். பழகிப்போகும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கி உடைத்திருப்பேன். ஒரு திருட்டுப்பயலாக இருந்திருந்தால் இரண்டு வெள்ளிக் காசைக் கொடுத்தாவது சொல்ல வைத்திருக்கலாம். யோக்கியனை என்ன செய்ய? அவர் வாயில் உண்மை மட்டும்தான் வரும். அந்த உண்மை ருக்குமணியின் வீட்டு வாசலில் கட்டவேண்டிய தோரணத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

கோப்பிக்கடைப் பலகையில் உட்கார்ந்து அவள் அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை. பார்க்கிறவர்கள் அதற்கும் சம்சுதான் காரணம் என்று சொல்வார்களே என்ற பயம். கூட வேலை செய்கிற ரொஸ்னா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். மலாய்க்காரப் பெண். ருக்குமணியோடு இருந்து இருந்து தமிழ் நன்றாகவே பேசுவாள்.

“அக்கா, அழாதே லா. அவருக்கு மூக்கு செத்துப் போச்சு. அன்னைக்கு சாக்கடை அடைச்சு எல்லாரும் ஓடினோம், அவர் மட்டும் அங்கேயே நின்னு சோறு சாப்பிட்டார், பார்த்தியா?”

“அதை யாரு நம்புவா? ஊரே அந்த மூக்கைத்தான் நம்புது.”

ரொஸ்னா நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். டுரியான் சீசன் உச்சத்தில் இருந்தது. கோப்பிக்கடைக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்திக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் பார்வை அந்தக் குவியலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. எனக்கு விளங்கியது. ருக்குமணிக்கும் விளங்கியது.

“சீச்சீ, வேணாம்” என்றாள் ருக்குமணி. “பெரிய மனுசரு. அவமானப்படுத்தாதீங்க.”

பாருங்கள், தன் மானம் சந்தியில் கிடக்கும்போது மற்றவர் மானத்துக்குக் குடை பிடிக்கிறாள். நாங்கள் அவளிடம் சரி என்று சொல்லிவிட்டு, செய்ய நினைத்ததைச் செய்தோம்.

நல்ல பழமாக ரொஸ்னாவே பொறுக்கினாள். நன்றாகப் பழுத்து, அடியில் தானாகவே வாய் பிளந்த பழம். காலையில் விநாசித்தம்பி வருவதற்கு முன்பே அவர் மேசைக்குக் கீழே, கால் வைக்கிற பலகைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஜன்னலும் சாத்தியிருந்தது. டுரியானை ஓர் அறையில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் பிறந்த பூனைக்குட்டிக்குக்கூடத் தெரியும். அந்தக் காலத்தில் நல்ல ஹோட்டல்கள் வாசலிலேயே டுரியான் படத்தைப் போட்டுக் குறுக்கே கோடு கிழித்து வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள்.

மத்தியானம் பிச்சைமுத்துவை நானே கூட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் வாசனை எங்களை வெளியே தள்ளியது. பிச்சைமுத்து ஒரு கணம் நின்று, புருவத்தை உயர்த்தி, “ஓ, விருந்து இருக்கு போல” என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே விநாசித்தம்பி காலடியில் பழத்தை வைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவராக, ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

“வாங்கோ, இருங்கோ. என்ன விசயம்?”

பிச்சைமுத்து சுற்றி வளைக்கவில்லை. “ருக்குமணி சாயந்திரம் தள்ளாடி வருது. மருந்து வாடைன்னு சொல்லுது. ஊரு வேற சொல்லுது. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இங்க வாடை இருக்கா, இல்லையா?”

விநாசித்தம்பி பேனாவை மூடி வைத்தார். எழுந்து நின்றார். கண்ணை மூடினார். இடது பக்கம் ஓர் இழுப்பு. வலது பக்கம் ஓர் இழுப்பு. நடுவில் ஒரு நீண்ட இழுப்பு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு காரணத்துக்காக.

“எனக்கு ஒண்டும் மணக்கேல்லை” என்றார். “உங்கட முன்னால தானே பாத்தனான். நீங்களே சொல்லுங்கோ, என்ன மணக்குது?”

பிச்சைமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“டுரியான் மணக்குதுங்களே.”

“டுரியானோ? இங்க ஏது டுரியான்? நான் அதைத் தொட்டே எத்தினை வருசம்.”

பிச்சைமுத்து குனிந்தார். மேசைக்குக் கீழே கையை விட்டு, காம்பைப் பிடித்து இழுத்து, பழத்தைத் தூக்கி ஆர்டர் புத்தகத்தின் மேலேயே வைத்தார். மஞ்சள் சுளை வெடிப்பு வழியாக எட்டிப் பார்த்தது.

விநாசித்தம்பி பழத்தைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து, அந்தக் காலத்தில் செய்வது மாதிரியே, வெடித்த இடத்தில் மூக்கை வைத்தார். இழுத்தார். திரும்ப இழுத்தார். முள் குத்துகிற அளவுக்கு அழுத்தி இழுத்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி. அந்த முகத்தைப் பார்த்து நான் சிரிக்கவேண்டும் என்றுதான் வந்தேன். சிரிப்பு வரவில்லை. ஆனால் உசத்தி ரகத்தை அப்படி லேசாக எடைபோட்டுவிடாதீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார்:

“இது இன்னும் பழுக்கேல்லைப் போல.”

அதற்குள் மேல்மாடியிலிருந்து தவுக்கே தடதடவென்று இறங்கி வந்துவிட்டார். மாடிவரை வாசனை போயிருக்கிறது. “யார் வாங்கினது? எந்தத் தோட்டம்?” என்று மலாயில் கேட்டுக்கொண்டே ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்ததும் விநாசித்தம்பியிடம் பழத்தை நீட்டினார். “இல்லை பாஸ், இது பழுக்கேல்லை” என்றார் விநாசித்தம்பி. தவுக்கேயின் வாய் அசைவது நின்றது. பழத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், பிறகு கதவு வழியாகப் பட்டறையைப் பார்த்தார். இத்தனை வருசமாக எதை நம்பி வியாபாரம் செய்தோம் என்று அவர் கணக்குப் போடுவது நெற்றியிலேயே தெரிந்தது.

பிச்சைமுத்து அதற்கு நிற்கவில்லை. “நானே போய்ப் பார்த்துக்கறேன்” என்று பட்டறைக்குள் நடந்தார். ருக்குமணி தொட்டிக்குள் குனிந்திருந்தாள். “தங்கச்சி, கொஞ்சம் விலகு” என்றார். அவள் பதறிப்போய் விலகினாள். அவர் அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் குனிந்த மாதிரியே இடுப்புவரை உள்ளே குனிந்தார். ரோலரையும் வாங்கிக்கொண்டார். பிடிவாதக்காரர். கிரேன் ஓட்டிய கை. ஒரு பக்கம் முழுசாக உருட்டி முடிக்கும்வரை வெளியே தலையை எடுக்கவில்லை.

எடுத்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாசலை நோக்கி நடந்தார். நடந்தார் என்பது என் மரியாதை. கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டார், சாக்கடைப் பலகையில் ஒரு காலை வைத்து மற்றதை வெறுங்காற்றில் வைத்தார், நான் பாய்ந்து கக்கத்தில் கைகொடுத்து நிறுத்தினேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத பிச்சைமுத்து, பட்டப்பகலில், நடுத்தெருவில், என் தோளில் தொங்கிக்கொண்டு நின்றார். கோப்பிக்கடையே திரும்பிப் பார்த்தது. “பெரியவரு பகல்லயே போட்டுட்டாருடா” என்று ஒரு குரல் வந்தது.

ருக்குமணி வாசல்வரை வந்திருந்தாள். கையில் ஒட்டிய ரெசினைத் துணியால் துடைத்துக்கொண்டே, சிரிக்காமல், குத்தலும் இல்லாமல், அங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிற ஆறுதலைச் சொன்னாள்.

“ரெண்டு நாள்ல பழகிடும் அண்ணே.”

பிச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “வேணாம் தங்கச்சி” என்றார். “பழகவே வேணாம்.” பிறகு என் பக்கம் திரும்பி, நாக்கு இன்னும் கொஞ்சம் குழற, “நீங்க கார்டை அடிங்க” என்றார்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தவுக்கே இப்ராஹிமைக் கூப்பிட்டனுப்பினார். டின்களுக்கெல்லாம் மூடி வந்தது. விசிறி கூரையிலிருந்து இறங்கி அச்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பெரிய குழாய் வழியாக ஆவியை வெளியே இழுத்தது. வெளியே என்றால் என் அச்சகம் அல்லவா என்று நான் போட்ட சத்தத்தில் குழாயை உயர்த்திக் கட்டினார்கள். தெளிக்கிற துப்பாக்கி போய் ரெசின் விடுகிற ரோலர் வந்தது, ஆவி குறைவான ரெசின் வந்தது. வாடை ஒரேயடியாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ருக்குமணி படிக்கட்டில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினாள். நாலாம் மாடி, “குடியை விட்டுடுச்சு போல, நல்லது” என்று சந்தோசப்பட்டது. அவர்களைத் திருத்த எந்த விசிறியும் இன்னும் வரவில்லை.

விநாசித்தம்பி? அவருக்கென்ன, அவர் அப்படியேதான் இருந்தார். கம்பெனியைப் பார்க்க யார் வந்தாலும் மூடிகளைக் குடையால் சுட்டிக்காட்டி, “இதெல்லாம் ஆரம்பத்திலயே நான் யோசிச்சது” என்பார். காலைச் சடங்கு மட்டும் அவரிடமிருந்து போய்விட்டது. உள்ளே வேலை செய்யாத ஆள் ஒருவர் தெருவிலிருந்து வந்து முகர்ந்து பார்க்கவேண்டும் என்று தவுக்கே முடிவு செய்தார். அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. சம்பளம் ஒரு கோப்பி. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

சந்திரிகா கல்யாணத்துக்கு விநாசித்தம்பியை ருக்குமணி நேரில் போய் அழைத்தாள். வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். வாசலில் நின்ற பெண்களிடம் பன்னீர் தீர்ந்துபோய்விட்டது. செம்பை வெறுமனே வைத்திருக்கக் கூடாதே என்று குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மேலும் விழுந்தது. விநாசித்தம்பி கண்ணை மூடினார். பழைய மாதிரி நீண்ட இழுப்பாக ஒன்று இழுத்தார்.

“நல்ல பன்னீர்” என்றார்.

அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ருக்குமணி பக்கத்தில்தான் நின்றாள். அந்தச் சிரிப்பை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, “ஆமாங்க ஐயா, நல்ல வாசனை” என்றாள். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் அந்தக் கணத்தில் மட்டும் வரவில்லை. அந்தக் கம்பெனி முதலில் தின்றது அவரைத்தான்.

சரி, அவர் கிடக்கட்டும். உங்களுக்கு வருவோம். நம்ம வீட்டில், நம்ம ஆபீசில், நம்ம சங்கத்தில் அப்படி ஒன்றும் மணக்கவில்லையே என்றுதானே இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். கல்யாணம் முடிந்து, பத்திரிகை அடித்த பாக்கிக் காசைக் கொடுக்கச் சந்திரிகா புருசனோடு என் அச்சகத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “எப்படி மாமா இங்க நாள் பூரா உட்கார்ந்திருக்கீங்க? இந்த மையும் மண்ணெண்ணெயும் தலையைச் சுத்துதே” என்றாள்.

ஊர்க் காற்றையெல்லாம் சோதிக்கிற அதிகாரி நான். எழுந்து நின்று, இடது பக்கம் ஓர் இழுப்பு, வலது பக்கம் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் மணக்கவில்லை.

உங்கள் வீட்டு வாசலில் இன்றைக்கு யாராவது வந்து நின்று மூக்கைப் பொத்தினால், தயவுசெய்து பழகிடும் என்று சொல்லாதீர்கள். என்ன மணக்கிறது என்று அவரையே கேளுங்கள்.